ரத்தம் ஊற ஊசி போட்டால் பிரஷர் ஏறுமா?

டயாலிசிஸ் செய்துகொள்ளும் உங்களுக்கு ரத்தசோகைக்கு ஊசி போடுகிறார்கள். முன்பு நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. இப்போது தெம்பு வந்திருக்கிறது. ஆனால் பிரஷரும் கூடியிருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா? இருக்கலாம்.

அது என்ன ஊசி? சிவப்பணுக்களை உருவாக்கும்படி எலும்பு மஜ்ஜையைத் தூண்டும் எரித்ரோபாய்டின் (பெரும்பாலும் சிறுநீரகத்தில் சுரக்கும் ஹார்மோன்) சிறுநீரக நோயால் குறைந்துபோகிறது. அதை வெளியிலிருந்து கொடுக்கிறார்கள். 1989இல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. அதுவரை பலருக்கும் அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது.

பிரஷர் ஏன் ஏறுகிறது? சிவப்பணு பெருகினால் ரத்தம் கெட்டிப்படும். ரத்தசோகையில் விரிந்திருந்த ரத்தக்குழாய்கள் மறுபடி சுருங்கும். மருந்தும் அவற்றை இறுக்கக்கூடும். டயாலிசிஸ் நோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு பிரஷர் மாத்திரையைத் தொடங்கவோ கூட்டவோ நேரிடும்.

அப்படியானால் ஊசியை நிறுத்திவிடலாமா? நீங்களாக நிறுத்தாதீர்கள், சோகை திரும்பிவிடும். அளவைக் குறைப்பதா, மாத்திரையை மாற்றுவதா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். இரண்டு வாரத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமுக்கு மேல் ஏறினால் பொதுவாக ஊசியின் அளவைக் குறைப்பார்கள்.

ஹீமோகுளோபினை மற்றவர்களைப் போல 14க்குக் கொண்டுபோனால் என்ன? 1998இல் வெளியான ஆய்வொன்றில், இதய நோயுள்ள டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அப்படிச் செய்து பார்த்தார்கள். பலன் இல்லை, டயாலிசிஸுக்கான ரத்தக்குழாய் இணைப்பு அடைத்துக்கொள்வதுதான் கூடியது. ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். அதனால்தான் பெரும்பாலோருக்கு 10 முதல் 11.5 வரை போதும் என்கிறார்கள்.

வீட்டில் நான் என்ன செய்ய வேண்டும்? தினமும் பிரஷர் பார்த்து நோட்டில் எழுதுங்கள். ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இணைத்த ரத்தக்குழாய்) உள்ள கையில் பார்க்காதீர்கள். ஊறுகாய், அப்பளம், கருவாட்டைத் தள்ளிவையுங்கள். உப்பு தாகத்தைக் கூட்டும். தாகம் தண்ணீரைக் கூட்டும். உடலில் தேங்கும் நீர் பிரஷரைக் கூட்டும். பழியெல்லாம் ஊசி மேல் போடக்கூடாது. டயாலிசிஸ் நாளில் மாத்திரையை எப்போது போடுவது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எப்போது பயப்பட வேண்டும்? தாங்க முடியாத தலைவலி, பார்வை மங்கல், குழப்பம், வலிப்பு. இவற்றில் எது வந்தாலும் அடுத்த டயாலிசிஸ் வரை காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். போகும்போது அந்த நோட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.