உஷார்! பூனை மூத்திரத்தின் மேல் பிளீச்சிங் பவுடரா?

சோபாவுக்குப் பின்னால் பூனை மூத்திரம் போய் வைத்திருக்கிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடுகிறீர்கள். கைக்கு முதலில் அகப்படுவது பிளீச்சிங் பவுடர். பொறுங்கள். அதை அப்படியே கீழே வையுங்கள்.

பூனை மூத்திரத்தில் யூரியா ஏராளம். கிடக்கக் கிடக்க, கிருமிகள் அதை அமோனியாவாக உடைக்கும். கண்ணைக் கரிக்கிற அந்த நெடி அதுதான். அமோனியாவோடு பிளீச் சேர்ந்தால் குளோரமைன் என்கிற நச்சுப் புகை கிளம்பும். தரையில் கிடக்கும் நாலு சொட்டுக்கு இவ்வளவு பயம் வேண்டாம்தான். ஆனால் பூனை மலஜலம் கழிக்கும் லிட்டர் டப்பாவைப் பல நாள் கழுவாமல் விட்டு, ஜன்னல் இல்லாத ஃபிளாட் பாத்ரூமுக்குள் கொண்டுபோய், கதவைச் சாத்திக்கொண்டு பிளீச் ஊற்றித் தேய்க்கிறார்களே, அங்கேதான் ஆபத்து. நாற்றம் போகவில்லையே என்று டாய்லெட் கழுவும் ஆசிட்டையும் அதன் மேலேயே ஊற்றினால் குளோரின் வாயுவே வரும். பிளீச்சோடு வினிகர் சேர்த்தாலும் கதை அதேதான். கண் எரிந்து தொடர் இருமல் வந்தால் போட்டது போட்டபடி வெளியே வந்துவிடுங்கள். மூச்சுத் திணறினால் 108.

சரி, பினாயில்? அது மனிதருக்குப் பரவாயில்லை, பூனைக்கு ஆகாது. பினாயில், தண்ணீரில் விட்டால் பாலாக வெளுக்கும் கிருமிநாசினிகள், இவை பலவற்றிலும் பீனால் வகைப் பொருள்கள் உண்டு. நம் ஈரல் அவற்றை முறித்து வெளியேற்றும். பூனையின் ஈரலுக்கு அந்தச் சக்தி மிகக் குறைவு. ஈரத்தரையில் நடக்கும், மூலையில் போய் உட்கார்ந்து பாதத்தை நக்கும், அவ்வளவுதான், மருந்து வயிற்றுக்குள். ஒரே ஒரு 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதுமானதாக இருப்பதற்கும் இதே குறைதான் காரணம். ‘காய்ச்சலா இருக்கு, அரை மாத்திரை கொடுத்தேன்’ என்று யாராவது சொன்னால் அங்கேயே தடுத்து நிறுத்துங்கள்.

பூனை மறுபடி வரக் கூடாது என்று மூலைக்கு மூலை அந்துருண்டை போடுகிறார்கள் சிலர். நாப்தலீன் பூனைக்கும் விஷம், தவழும் குழந்தைக்கும் விஷம்.

ஆனால் எந்த பாட்டிலைத் தேடுவதற்கும் முன்னால் பூனையைப் பாருங்கள். அதிலும் கடுவன் பூனையாக இருந்தால் உடனே பாருங்கள். டப்பாவுக்குள் போய்க் குந்துகிறது, முக்குகிறது, ஒன்றும் வரவில்லை. வெளியே வந்து பாத்ரூம் ஓரத்தில், வாஷ்பேசினில், துணிக்கூடையில் என்று இடம் மாற்றி மாற்றி உட்காருகிறது. ஒரு சொட்டு வருகிறது, சில சமயம் ரத்தத்தோடு. அடிக்கடி பின்பக்கத்தை நக்குகிறது, அடித்தொண்டையில் கத்துகிறது. இதைப் பார்த்துவிட்டு ‘மலச்சிக்கல்’ என்று விளக்கெண்ணெய் புகட்டுபவர்கள் உண்டு. அந்த அரை நாள்தான் அதன் உயிர்.

கடுவனின் மூத்திரக்குழாய் நீளமானது, நுனியில் மிகக் குறுகலானது. பொடிக்கற்களோ சளி போன்ற அடைப்போ அங்கே சிக்கிக்கொண்டால் மூத்திரம் பின்னுக்குத் தேங்கி, சிறுநீரகம் வேலையை நிறுத்தி, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இதயம் நின்றுவிடும். முழு அடைப்பு என்றால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே கிடையாது. வாந்தி எடுத்துச் சுருண்டு படுத்துவிட்டால் நேரம் கடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். உங்கள் ஊரில் ராத்திரியில் பூனை பார்க்கும் மருத்துவமனை எது என்று இன்றைக்கே விசாரித்து, எண்ணை போனில் பதிந்து வையுங்கள். வீட்டை விட்டு வெளியே போகாமல், உலர் தீனியை மட்டும் தின்று, தண்ணீர் குறைவாகக் குடிக்கும் குண்டுக் கடுவன்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். தீபாவளி வெடிச்சத்தம், வீடு மாறுவது, புதுப் பூனை வருவது போன்ற கலக்கமும் மூத்திரப்பையைப் புண்ணாக்கும்.

பழிவாங்கத்தான் மெத்தையில் போகிறது என்று சிலர் சாதிப்பார்கள். பூனைக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. மூக்கைப் பிடித்து ஈரத்தில் தேய்ப்பதும், துடைப்பத்தால் விரட்டுவதும் அதன் பயத்தைக் கூட்டும். பயந்த பூனை இன்னும் நாலு இடத்தில் போகும்.

இனி நாற்றத்துக்கு வருவோம். ஈரமாக இருக்கும்போதே பழைய வேட்டித் துணியை மடித்து மேலே வைத்து, ஏறி நின்று அழுத்தி உறிஞ்சுங்கள். தேய்த்தால் உள்ளே இறங்கும். பச்சைத் தண்ணீர் விட்டு மறுபடி ஒற்றி எடுங்கள். வெந்நீர், இஸ்திரி, ஸ்டீம் எதுவும் வேண்டாம்; சூடு பட்டால் கறையும் வாடையும் துணியோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் கிளீனர். இதை ஸ்ப்ரே மாதிரி லேசாக அடித்துவிட்டு ‘வேலைக்கு ஆகலை’ என்பவர்களே அதிகம். மூத்திரம் எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவு ஆழம் இதுவும் நனைய வேண்டும். பாட்டிலில் போட்டிருக்கும் நேரம் வரை ஊற வேண்டும், தானாகக் காய வேண்டும். காயும்வரை அந்த இடத்தில் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்து வையுங்கள்.

பூனை மூத்திரத்தில் ஃபெலினைன் என்றொரு பொருள் உண்டு. அது மெல்ல மெல்லச் சிதைந்து கந்தக வாடையாக மாறும். கருத்தடை செய்யாத கடுவனிடம் இது மிக அதிகம். சுத்தம் செய்தாயிற்று என்று நிம்மதியாக இருந்த மூலை, ஐப்பசி மழையில் காற்று ஈரமானதும் மறுபடி நாறும். எங்கிருந்து வருகிறது என்று பிடிபடாவிட்டால் விளக்கை அணைத்துவிட்டு யூ.வி. டார்ச் அடித்துப் பாருங்கள், பழைய கறைகள் மங்கலாக ஒளிரும். டைல்ஸ் இடுக்கும், பாலிஷ் போன மொசைக்கும் உறிஞ்சிவைத்திருக்கும். மார்பிள் தரையில் மட்டும் எலுமிச்சை, வினிகர் பக்கம் போகாதீர்கள், கல்லை அரித்துவிடும். இலவம்பஞ்சு மெத்தை உள்வரை நனைந்துவிட்டதா? மனதைத் தேற்றிக்கொண்டு பஞ்சை மாற்றுங்கள்.

டப்பாவில் என்ன கோளாறு என்றும் பாருங்கள். பூனை எத்தனையோ, அதைவிட ஒன்று கூடுதலாக டப்பா வேண்டும். கடையில் விற்கும் டப்பாக்கள் பாதி சின்னவை. பூனையின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும் என்பதால், துணி ஊறவைக்கும் அகலமான பிளாஸ்டிக் டப்பே மேல். வாஷிங்மெஷின் பக்கத்திலும் சோற்றுத்தட்டின் பக்கத்திலும் வைக்காதீர்கள். மல்லிகை, லாவண்டர் வாசனை போட்ட லிட்டர் உங்கள் மூக்குக்காகச் செய்தது, பூனைக்குப் பிடிக்காது. தினமும் அள்ளுங்கள். அள்ளியதை டாய்லெட்டில் கொட்டாதீர்கள். பல லிட்டர்களில் இருக்கும் பென்டோனைட் களிமண் தண்ணீர் பட்டால் ஊதிப் பெருத்துக் குழாயை அடைத்துவிடும். பக்கத்தில் வீடு கட்டும் இடத்து மணல் இலவசம்தான், ஆனால் தெருப்பூனைகள் அதை ஏற்கெனவே பயன்படுத்தியிருக்கும்.

நின்றபடி, வாலை நடுக்கி, சுவரில் பீய்ச்சுகிறது என்றால் அது எல்லை போடுவது. டப்பாவை மாற்றிப் பயனில்லை. கருத்தடை செய்தால் பத்தில் ஒன்பது கடுவன்கள் நிறுத்திவிடும், அல்லது வெகுவாகக் குறைத்துவிடும்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பூனையைச் சாக்கில் கட்டி எங்கோ விட்டுவிட்டு வரச் சொல்லும் பெரியவர்கள் உண்டு. அவர்கள் பயப்படும் டாக்ஸோபிளாஸ்மா கிருமி பரவுவது பூனையின் மலத்தில், மூத்திரத்தில் இல்லை. மலம் வெளியே வந்து குறைந்தது ஒரு நாள் கழித்தே அதற்குத் தொற்றும் வீரியம் வரும். அதனால் டப்பாவை நாள் தவறாமல் அள்ளினால் போதும். அள்ளுவது கர்ப்பிணியாக இருக்கக் கூடாது. பத்து மாதத்துக்கு அந்த வேலையை வீட்டு ஆண்பிள்ளை எடுத்துக்கொள்ளட்டும், கையுறை போட்டுக்கொண்டு.