அம்மாவின் சமையலறையில் ஒரு தனிச் சட்டி

ஊர்கூடி உண்பது – 11

சீனப் புத்தாண்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் சிங்கப்பூரில் பாதிக் கடைகள் சீக்கிரமே சாத்திவிடும். மணமாகித் தனிக்குடித்தனம் போன பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் பெற்றோர் வீட்டுக்குப் போய்ச் சேரவேண்டிய இரவு அது. ஒன்றுகூடல் விருந்து என்பார்கள். மனஸ்தாபத்தில் பேச்சை நிறுத்திவிட்ட அண்ணன் தம்பிகூட அன்றைக்கு ஒரே மேசைக்கு வந்தாக வேண்டும். பல வீடுகளில் மேசை நடுவே சாறு கொதித்துக்கொண்டிருக்கும். சுற்றிலும் மெல்லிசாக அரிந்த பன்றிக்கறி, மீன் உருண்டை, இறால், காளான், கீரை. அவரவர் குச்சியால் எடுத்து, அதே சாற்றில் முக்கி வேகவைத்துச் சாப்பிட வேண்டியதுதான்.

அந்த வீட்டு மகள் போன ஆண்டு கலிமா சொல்லி இஸ்லாத்தில் சேர்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே சட்டியில் எல்லோர் குச்சியும் புழங்கும்போது அவள் எங்கே கை வைப்பது?

சிங்கப்பூரில் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் 15.6 விழுக்காட்டினர் முஸ்லிம்கள். அவர்களில் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள். சீனக் குடும்பங்களிலிருந்தும் தமிழ்க் குடும்பங்களிலிருந்தும் புதிதாக வருபவர்கள் எண்ணிக்கையில் குறைவு. சிலர் திருமணத்தை ஒட்டி வருகிறார்கள். சிலர் பல ஆண்டுகள் படித்துத் தெளிந்து வருகிறார்கள். இவர்களுக்கென்றே 1980 முதல் இயங்கிவரும் சங்கம் ஒன்று ஓனான் சாலையில் இருக்கிறது. தாருல் அர்க்கம் என்று பெயர். மக்காவில் முதல் முஸ்லிம்கள் ஊர் கண்ணில் படாமல் கூடிய அர்க்கம் என்ற தோழரின் வீட்டு நினைவாக வைத்த பெயர் அது. அங்கே கூடிய அத்தனை பேரும் வேறு சமய வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள்தாம்.

வெளியே சாப்பிடுவதற்கு சிங்கப்பூரில் வழி தெளிவாகவே இருக்கிறது. இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் 1968இல் அமைந்தது. 1978 முதல் ஹலால் சான்றிதழ் கொடுத்துவருகிறது. உரிமையில்லாமல் அந்த முத்திரையைப் போட்டுக்கொள்வது சட்டப்படி குற்றம். சான்றிதழ் வாங்காமல் முஸ்லிம்கள் நடத்தும் கடைகளும் ஏராளம். உணவங்காடி நிலையங்களில் சாப்பிட்டு முடித்த தட்டைத் திருப்பி வைக்கும் அடுக்குகூட இரண்டாகப் பிரிந்திருக்கும்: ஹலால் ஒரு பக்கம், மற்றது ஒரு பக்கம். புதிதாக மார்க்கத்துக்கு வந்தவர், வீட்டில் சொல்வதற்கு முன்பே, கையில் தட்டோடு எந்த அடுக்கை நோக்கி நடக்கிறார் என்பதை அலுவலக நண்பர்கள் பார்த்துவிடுவார்கள்.

பழகிய உணவிலும் எதிர்பாராத இடங்களில் தடை வரும். பாக் குட் டே பன்றி எலும்புச் சாறு என்பது எல்லோருக்கும் தெரியும். சார் குவே தியாவ் தட்டில் மேலே தெரிவது இறாலும் சிப்பியும்தான். ஆனால் பழைய பக்குவப்படி அதைப் பிரட்டுவது பன்றிக் கொழுப்பில். ஆவியில் வெந்த மீன்மேல் அரிசி மது ஒரு கரண்டி விழுந்திருக்கலாம். கோழியேயானாலும் முறைப்படி அறுத்ததாக இருக்க வேண்டும். மிட்டாயில் சேரும் ஜெலட்டின் எந்த விலங்கிலிருந்து வந்தது என்று பொட்டலத்தைத் திருப்பிப் படிக்க வேண்டும். ஓரிரு மாதத்தில் இதெல்லாம் பழகிவிடும்.

வீட்டுச் சாப்பாடு அப்படிப் பழகுவதில்லை. சீன அம்மாக்கள் பலர் பிள்ளைகளிடம் அன்பை வாயால் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள். ‘சாப்பிட்டாயா?’ என்று கேட்பார்கள். நல்ல துண்டாகப் பார்த்து எடுத்துப் பிள்ளையின் கிண்ணத்தில் வைப்பார்கள். அந்தத் துண்டை மகள் ஒதுக்கினால், ஒதுக்கப்பட்டது கறி என்று தாய்க்குத் தோன்றாது. தானே ஒதுக்கப்பட்டதாகத்தான் தோன்றும்.

இந்தச் சங்கடம் இஸ்லாத்தின் முதல் தலைமுறையிலேயே வந்துவிட்டது. சஅத் இப்னு அபீ வக்காஸ் இளவயதில் இஸ்லாத்தை ஏற்றபோது, அவர் அதை விடும்வரை உண்ணவும் மாட்டேன், குடிக்கவும் மாட்டேன் என்று அவருடைய தாய் சபதம் செய்தார். பட்டினியில் மயங்கியும் விழுந்தார். சஅத் மனம் மாறவில்லை. அந்தச் சூழலில் இறங்கியதாகச் சொல்லப்படும் குர்ஆன் வசனம், இணைவைக்கும்படி பெற்றோர் வற்புறுத்தினால் அதற்குக் கட்டுப்பட வேண்டாம் என்கிறது. அதே மூச்சில், உலக வாழ்வில் அவர்களோடு நல்லபடியாக நடந்துகொள்ளச் சொல்கிறது. இந்த இரண்டாம் பாதியை மறந்துவிட்டு முதல் பாதியை மட்டும் புதியவர்களுக்குப் போதிப்பவர்கள், அவர்களுக்கு நன்மை செய்வதில்லை.

பாத்திரத்தைப் பற்றிய கேள்வியும் பழையதே. அபூ ஸஃலபா என்ற தோழர் நபிகள் நாயகத்திடம் வந்து, எங்கள் அக்கம்பக்கத்தார் சட்டியில் பன்றிக்கறி சமைக்கிறார்கள், பாத்திரத்தில் மது அருந்துகிறார்கள், நாங்கள் என்ன செய்வது என்று கேட்டார். வேறு பாத்திரம் கிடைத்தால் அதில் உண்ணுங்கள். கிடைக்காவிட்டால் அதையே தண்ணீரால் கழுவிவிட்டு உண்ணுங்கள் என்பது பதில்.

சிங்கப்பூர் மலாய் முஸ்லிம்களும், காயல்பட்டினம், கீழக்கரை போன்ற தமிழ்க் கடலோர ஊர்க்காரர்களும் பின்பற்றுவது ஷாஃபி மத்ஹப் என்ற சட்ட வழி. பன்றி பட்ட பாத்திரத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும் என்பது அங்கே வழங்கும் சட்டம். புதிதாக வந்த ஒருவர் அம்மாவின் சமையலறையில் மண்ணைக் கரைக்க ஆரம்பித்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அதே மத்ஹபின் பேரறிஞரும் 1277இல் மறைந்தவருமான இமாம் நவவி, ஆதாரத்தின்படி பார்த்தால் பன்றி விஷயத்தில் ஒரு முறை கழுவினாலே போதும் என்ற கருத்தை வலுவானதாகக் காண்கிறார். இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லும் ஓர் ஆசிரியர் கிடைத்தால் ஒரு குடும்பம் பிழைத்துப்போகும்.

இன்னொரு சம்பவத்தை ஆயிஷா நாயகி அறிவிக்கிறார். சிலர் இறைச்சி கொண்டுவந்து தருகிறார்கள், அறுக்கும்போது இறைவன் பெயரைச் சொன்னார்களா என்று தெரியவில்லையே என்று மக்கள் கேட்டார்கள். நீங்கள் பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாப்பிடுங்கள் என்றார்கள் நபிகள் நாயகம். கொண்டுவந்தவர்கள் இஸ்லாத்துக்குப் புதியவர்கள் என்ற குறிப்பும் அந்த ஹதீஸிலேயே இருக்கிறது. புதியவர் தரும் உணவைத் துருவித் துருவி விசாரிக்காமல் வாங்கிக்கொள்ளும் பண்பு அன்றே கற்றுத்தரப்பட்டிருக்கிறது.

நடைமுறையில் குடும்பங்கள் வழி கண்டுபிடித்துக்கொள்கின்றன. மகளுக்கென்று ஒரு தனி இரும்புச் சட்டி, தனிக் கரண்டி, அலமாரியில் ஒரு தட்டு ஒதுக்கப்படுகிறது. சாறு கொதிக்கும் மேசையில் இரண்டாவதாக ஒரு சின்னச் சட்டி வருகிறது. இன்னும் ஒருபடி மேலே போய், அந்த ஓர் இரவுக்கு முழு மேசையையும் ஹலாலாக்கிவிடும் பெற்றோர் உண்டு. மீனுக்கும் இறாலுக்கும் அறுப்பு முறை கிடையாது என்பதால் ஷாஃபி வழியில் கடலுணவு பெரிய கைகொடுப்பு. காய்கறிச் சீவல்களையும் பச்சை மீனையும் பிளம் சாற்றோடு எல்லோரும் சேர்ந்து குச்சியால் உயர்த்திக் கலக்கும் யூ ஷெங் தட்டு ஹலால் சான்றிதழோடும் கிடைக்கிறது. மகளும் நெருங்கி நின்று கலக்கலாம். சீனப் புத்தாண்டுக்குத் தவறாமல் வாங்கும் இனிப்புப் பன்றி இறைச்சித் துண்டான பாக் குவாவைக் கோழிக்கறியில் செய்து விற்பதும் உண்டு.

மகள் கவனிக்க வேண்டியதும் இருக்கிறது. ஆசையாக மாட்டிறைச்சி ரெண்டாங் வாங்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனால், அங்கே குவான் யின் தெய்வத்தை வணங்கி மாட்டிறைச்சி தொடாதவர்கள் இருக்கலாம். சிங்கப்பூரில் இஸ்லாத்தைத் தழுவிய தமிழ் இளைஞருக்கும் இதே நிலைமைதான். மாட்டிறைச்சி அனுமதிக்கப்பட்ட உணவு. சாப்பிட்டே தீரவேண்டிய கடமை இல்லை. தீபாவளியன்று அம்மாவைப் பார்க்கப் போகலாம். சாமிக்குப் படைத்ததை மட்டும் தவிர்க்க வேண்டியிருக்கும். படைப்பதற்கு முன்பே மகனுக்கென்று முறுக்கைத் தனி டப்பாவில் எடுத்துவைக்கத் தாய்மார்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதுவரை சொன்னது பிறந்த வீட்டு மேசை. புகுந்த சமூகத்து மேசை ஒன்றும் இருக்கிறது. அங்கே இடம் கிடைப்பதுதான் பலருக்குப் பெரும்பாடு. கலிமா சொன்ன அன்று ஊரே கட்டித் தழுவும். அடுத்த வாரத்திலிருந்து அறிவுரை தொடங்கிவிடும்: அந்தக் கடையில் ஏன் சாப்பிட்டாய், பெயரை மாற்றினாயா, மலாய் உடை உடுத்தக்கூடாதா. இவற்றில் பல கேள்விகளுக்கும் மார்க்கத்துக்கும் சம்பந்தமில்லை. சாப்பிட வா என்று அழைப்பவர்களோ குறைந்துபோவார்கள்.

ரமலானில் அது சுடும். சிங்கப்பூர் பூமத்திய ரேகையை ஒட்டி இருப்பதால் ஆண்டு முழுவதும் சுமார் ஏழு மணிக்குத்தான் பொழுது சாயும். வீட்டில் இரவு உணவு நேரமும் அதுவே. மனமிருந்தால் ஒரே மேசையில் மகள் நோன்பு திறக்கலாம், மற்றவர்கள் சாப்பிடலாம். 2026இல் பிப்ரவரி 17 அன்று சீனப் புத்தாண்டு. ஓரிரு நாளிலேயே நோன்பு பிறந்துவிட்டது. புத்தாண்டு விருந்தாளிகள் பகலில் வந்து போகும் வீட்டில் அவள் மட்டும் பசியோடு ஆரஞ்சுப் பழம் நீட்ட வேண்டிய ஆண்டு. விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு எழுப்பவும் ஆள் இருக்காது. நோன்புப் பெருநாளன்றோ, தொழுகை முடிந்து எல்லோரும் சொந்தபந்தம் தேடிப் போகும்போது, போவதற்கு வீடில்லாதவள் அவள் ஒருத்தியே.

இங்கே பள்ளிவாசல்களால் முடிவது அதிகம். சைனாடவுன் நடுவே, சவுத் பிரிட்ஜ் சாலையில், தமிழ் வணிகர்கள் 1826இல் நிறுவிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் நிற்கிறது. புத்தாண்டுச் சந்தையின் சிவப்பு விளக்குகளிலிருந்து அதன் வாசலுக்கு நடந்தே போய்விடலாம். நோன்புக் கஞ்சி வாங்க வரிசையில் நிற்கும் புதிய முகத்தை, வாளியை நிரப்பி அனுப்பிவிடாமல் பாயில் பக்கத்தில் உட்கார வைப்பதற்குச் சட்டமோ சான்றிதழோ தேவையில்லை. பெருநாளன்று ஒவ்வொரு குடும்பமும் ஒருவரை வீட்டுக்கு அழைத்தால் போதும். அவருடைய அம்மாவையும் சேர்த்து அழைத்தால் இன்னும் நல்லது: மகள் எந்த வீடுகளில், யாரோடு, என்ன சாப்பிடுகிறாள் என்று அவர் கண்ணால் பார்ப்பார்.

சீனச் சமையல் என்றாலே பன்றிக்கறி என்று நினைக்கும் அந்த அம்மாவுக்குக் காட்ட வேண்டிய ஊர் ஒன்றும் உண்டு. சீனாவின் சியான் நகரத்து முஸ்லிம் தெருவில், ஹுய் இனத்தவர் தலைமுறை தலைமுறையாக ஆட்டுக்கறிச் சாற்றில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுச் சாப்பிடுகிறார்கள். அடுத்த வாரம் அந்தத் தெருவுக்கும், கையால் இழுத்த நூடுல்ஸுக்குப் பேர்போன லான்சோவுக்கும் போவோம்.

(தொடரும்)