பை வாங்கப் போகிறீர்களா?

பீகாரிலிருந்து பஞ்சாபுக்கு ஆண்டுதோறும் ஏராளமான தொழிலாளர்கள் போகிறார்கள். நாற்று நடவும் அறுவடை செய்யவும் போகிறார்கள். நீண்ட ரயில் பயணம். ஒவ்வொருவர் தோளிலும் ஒரு பை தொங்கும். அதில் மாற்றுத் துணி இருக்கும். போர்வை இருக்கும். அடையாள அட்டை இருக்கும். ஊர் திரும்பும்போது சிலருடைய கூலிப் பணமும் அதில்தான் இருக்கும்.

ரயில் நெரிசலில் அந்தப் பையின் பட்டை அறுந்தால் என்ன ஆகும்? ஜிப் வாய் பிளந்தால் என்ன ஆகும்? பல மாத உழைப்பு கைநழுவிப் போகலாம். ஆகவே, பைதானே என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. பார்த்து வாங்க வேண்டும்.

எதைப் பார்ப்பது? கடையில் எல்லாப் பைகளும் பளபளப்பாகவே இருக்கும். பையின் பலம் அந்தப் பளபளப்பில் தெரியாது. தையலிலும் துணியிலும் ஜிப்பிலும்தான் தெரியும்.

தையலைப் பாருங்கள்

பை பெரும்பாலும் துணியின் நடுவில் கிழிவதில்லை. துண்டுகள் சேரும் இடத்தில்தான் பிரிகிறது. முக்கியமாக, தோள்பட்டை பையோடு சேரும் இடத்தைப் பாருங்கள். எடை முழுவதும் அங்கேதான் இழுக்கிறது.

பட்டையின் நுனியை ஒரே வரித் தையலால் பிடித்திருந்தால் அந்தப் பை வேண்டாம். நல்ல பையில் நுனியை இரண்டு துணிகளுக்கு நடுவே செருகித் தைத்திருப்பார்கள். அதன்மேல் சதுரமாகத் தைத்து, உள்ளே பெருக்கல் குறி போலக் குறுக்கே தைத்திருப்பார்கள். சில பைகளில் அதே இடத்தில் நூலைப் பல முறை நெருக்கமாக ஓட்டியிருப்பார்கள். இப்படித் தைத்தால் எடை பல இழைகளுக்குப் பங்காகும். ஒரு நூல் அறுந்தாலும் மற்றவை தாங்கும்.

பிறகு பையின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். துணியின் ஓரத்தை நாடா வைத்து மூடித் தைத்திருக்க வேண்டும். வெட்டிய ஓரம் அப்படியே தெரிந்தால் நாளடைவில் இழை பிரியும்.

துணியும் ஜிப்பும்

கித்தான் பை உறுதியானது. ஆனால் கனமானது. மழையில் நனைந்தால் இன்னும் கனக்கும். நைலான், பாலியஸ்டர் பைகள் லேசானவை. சீக்கிரம் காயும். ஆனால் நாள்கணக்கில் கடும் வெயிலில் கிடந்தால் நைலான் வலுவிழக்கும்.

சில பைகளின் சீட்டில் '600 டெனியர்' என்று எழுதியிருக்கும். டெனியர் என்பது நூலின் பருமனைக் காட்டும் அளவு. 9000 மீட்டர் நூலை நிறுத்துப் பார்த்தால் எத்தனை கிராம் இருக்கிறதோ, அத்தனை டெனியர். ஒரே வகைத் துணியில் எண் கூடினால் நூல் பருமனானது என்று பொருள்.

துணியின் உட்புறம் பூச்சு இருந்தால் மழைநீர் உள்ளே புகுவது குறையும். ஆனாலும் தையல் துளை வழியாகத் தண்ணீர் இறங்கலாம். அட்டைகளையும் காகிதங்களையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.

ஜிப்பைப் பத்து முறை திறந்து மூடிப் பாருங்கள். மூலை வளைவில் சிக்குகிறதா? சிக்கினால் வேண்டாம். ஜிப்பில் ஓடும் துண்டை ரன்னர் என்பார்கள். அதன் பின்புறம் சில வேளை 5, 8, 10 என்று எண் இருக்கும். எண் பெரிதானால் ஜிப்பின் பல்வரிசை அகலமானது. பையின் பெரிய வாய்க்கு 8 அல்லது 10 நல்லது. பழகிய ஜிப் ஓட மறுத்தால் மெழுகுவத்தியைப் பல்லில் தேயுங்கள்.

முதுகுக்கு ஏற்ற பை

டார்ஜிலிங் தேயிலைத் தோட்டங்களில் பெண்கள் கூடையை முதுகில் சுமக்கிறார்கள். கூடையின் பட்டை நெற்றியில் இருக்கும். கூடை முதுகை ஒட்டியே இருக்கும். சுமை முதுகை விட்டு விலகித் தொங்கினால் உடலைப் பின்னுக்கு இழுக்கும். அதைச் சமாளிக்க முன்னால் குனிய வேண்டிவரும். பிறகு முதுகு வலிக்கும். தோள் பைக்கும் இதே விதிதான். கனமான பொருளை முதுகை ஒட்டி, பையின் நடுப்பகுதியில் வையுங்கள். லேசான துணிகளை அடியிலும் வெளிப்பக்கத்திலும் வையுங்கள்.

பட்டை அகலமாகவும் உள்ளே மெத்தென்றும் இருக்க வேண்டும். மெல்லிய பட்டை தோளை அறுக்கும்.

மலை ஏறுபவர்களுக்கு இடுப்புப் பட்டையும் வேண்டும். கௌரிகுண்டிலிருந்து கேதார்நாத் கோயிலுக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர் மலைப் பாதை. அவ்வளவு தூரமும் எடையைத் தோளே சுமந்தால் களைத்துவிடும். பட்டையை இடுப்பு எலும்பின்மேல் இறுக்கிக் கட்டினால் எடையில் பெரும்பங்கு இடுப்புக்குப் போகும். கால்கள் அதைத் தாங்கும்.

வேலைக்குப் பலர் ஒற்றைப் பட்டைப் பை கொண்டுபோகிறார்கள். அதை மார்புக்குக் குறுக்கே மாட்டுவது நல்லது. அவ்வப்போது தோள் மாற்றுங்கள்.

குழந்தையின் பை

மத்திய அரசு 2020-ஆம் ஆண்டில் பள்ளிப் பை பற்றி ஒரு கொள்கை வெளியிட்டது. புத்தகப் பையின் எடை குழந்தையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது அதன் முக்கிய விதி. குழந்தையின் எடை 30 கிலோ என்றால் பை 3 கிலோவுக்குள் இருக்க வேண்டும். வெறும் பையே 1 கிலோ இருந்தால் புத்தகத்துக்கு 2 கிலோதான் மிஞ்சும். ஆகவே குழந்தைக்கு லேசான பையாக வாங்குங்கள். இரண்டு தோளிலும் மாட்டும்படி, மெத்தென்ற இரண்டு பட்டைகள் இருக்கட்டும்.

விலையும் ரசீதும்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பை 300 ரூபாய். ஆறு மாதத்தில் கிழிகிறது. இன்னொரு பை 900 ரூபாய். நான்கு ஆண்டுகள் உழைக்கிறது. நான்கு ஆண்டுகளில் முதல் வகைப் பையை எட்டு முறை வாங்க வேண்டும். செலவு 2400 ரூபாய். எது மலிவு?

ஆனால் விலை அதிகம் என்பதாலேயே பை நல்லதாகிவிடாது. 900 ரூபாய்ப் பையிலும் தையலைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கையில் பணம் குறைவா? துணி கெட்டியான மலிவுப் பையை வாங்குங்கள். செருப்புத் தைக்கும் தொழிலாளியிடம் கொடுத்துப் பட்டையின் நுனிகளை இறுக்கித் தைத்துக்கொள்ளுங்கள். சிறு செலவில் பையின் ஆயுள் கூடும்.

சீட்டைப் படியுங்கள். அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை. ரசீது கேட்டு வாங்குங்கள். உத்தரவாதம் உண்டு என்றால் எத்தனை மாதம் என்று எழுதி வாங்குங்கள். பை குறையுள்ளதாக இருந்து, கடைக்காரர் மாற்றித் தர மறுத்தால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகாரும் தரலாம். அங்கே ரசீதுதான் உங்கள் சாட்சி.

கடையில் செய்து பாருங்கள்

1. பட்டை சேரும் இடத்தைப் பலமாக இழுத்துப் பாருங்கள்.
2. உட்புறத் தையலைப் பாருங்கள்.
3. ஜிப்பைப் பத்து முறை ஓட்டுங்கள்.
4. நாலைந்து கிலோ எடை வைத்து மாட்டி, பத்து அடி நடந்து பாருங்கள்.
5. சீட்டைப் படியுங்கள். ரசீது வாங்குங்கள்.

இவற்றுக்குப் பத்து நிமிடம் போதும். கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் நீங்கள் அவசரப்பட வேண்டாம். சுமக்கப்போவது உங்கள் தோள்.