மூணு ஆபீசுக்கு ஒரே நெட்வொர்க்



நம்ம ஊர் ஸ்டேஷனில் ரிசர்வேஷன் செய்யும்போது காலி சீட் உடனே தெரிகிறதே, எப்படி? சென்னை, டெல்லி, மும்பை, கொல்கத்தா, செகந்திராபாத் ஆகிய 5 முன்பதிவு மையங்களை ரயில்வே 1999-இல் ஒன்றாக இணைத்தது. அதற்குத் தனி லைன்கள் இருந்தன.

சின்ன ஆபீஸ் என்ன செய்யும்? என் சித்தப்பா வேலை பார்க்கும் லாரி ஆபீசுக்கு கொடைரோடு, திண்டுக்கல், வத்தலக்குண்டு என மூணு கிளை. தனி லைன் எடுத்தால் செலவு அதிகம். அதனால் சாதாரண பிராட்பேண்டிலேயே இணைத்திருக்கிறார்கள். இதற்குப் பெயர் வி.பி.என்.

இன்டர்நெட் பொது ரோடு மாதிரி. கணக்கை அப்படியே அனுப்பினால், போஸ்ட் கார்டு போல வழியில் யாரும் படிக்கலாம், திருத்தலாம். எத்தனை பெட்டி திராட்சை ஏற்றினோம் என்ற எண் மாறினால் நஷ்டம் விவசாயிக்குத்தான். வி.பி.என். அதைப் பூட்டிய பெட்டியில் வைத்து அனுப்பும். ஒவ்வொரு ஆபீஸ் ரூட்டரும் 3 வேலை செய்யும்:

1. எதிரில் இருப்பது நம்ம ரூட்டர்தானா என்று சரிபார்க்கும்.
2. செய்தியைச் சங்கேதமாக மாற்றும். இதற்கு அதிகம் பயன்படுவது, அமெரிக்க அரசு 2001-இல் தரமாக ஏற்ற ஏ.இ.எஸ். முறை. அதில் 128 பிட் சாவி என்றால், இருக்கக்கூடிய சாவிகளின் எண்ணிக்கையே 39 இலக்கம்!
3. வழியில் ஒரு எழுத்து மாறினாலும் கண்டுபிடித்து ஒதுக்கிவிடும்.

கம்ப்யூட்டருக்கும் கதவு எண் உண்டு. பல ரூட்டர்கள் 192.168.1 என்று தொடங்கும் எண்களையே தரும். மூணு ஆபீசிலும் அதே எண் இருந்தால், ஒரே தெருவில் மூணு வீட்டுக்கு ஒரே கதவு எண் போட்ட கதைதான். தபால்காரர் திண்டாடுவார்! அதனால் கொடைரோட்டுக்கு 192.168.10, திண்டுக்கல்லுக்கு 192.168.20, வத்தலக்குண்டுக்கு 192.168.30 என்று பிரிக்கணும்.

வி.பி.என். இருக்கே, இனி பயமில்லை என்று நினைக்கக் கூடாது. ஒரு ஆபீசில் வைரஸ் நுழைந்தால், அதே வழியா மத்த ஆபீசுக்கும் போகும். 2017 மே மாதம் வான்னாகிரை என்ற வைரஸ் கம்ப்யூட்டர் விட்டு கம்ப்யூட்டர் தாவியது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளே முடங்கி, ஆபரேஷன்கள் நின்றுபோயின. அதனால்,

* தேவையான கம்ப்யூட்டருக்கு மட்டும் வழி விடணும்.
* சாஃப்ட்வேரை அப்டேட் செய்யணும்.
* பாஸ்வேர்டைச் சுவரில் எழுதி ஒட்டக் கூடாது.
* வேலையை விட்டுப் போனவருடைய அனுமதியை அன்றே நீக்கணும்.

பூட்டு எவ்வளவு பெரிசா இருந்தாலும், சாவியை வாசப்படியில் வைத்தால் என்ன பயன்? யோசிங்க நண்பர்களே!



– ஒன்பதாம் வகுப்பு மாணவி