வேலையை விடுங்கள், உரிமையை விடாதீர்கள்

சென்னை ஓ.எம்.ஆரில் மென்பொருள் வேலை பார்த்துவிட்டு வார இறுதியில் ஈ.சி.ஆர் பேருந்தில் ஊர் திரும்பும் புதுச்சேரி இளைஞர்கள் பலருக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. மிஷன் வீதிப் பக்கம் ஒரு கஃபே, வீட்டு மாடியில் ஒரு வடிவமைப்பு ஸ்டூடியோ என்று சொந்தமாக ஏதாவது தொடங்க வேண்டும். வீட்டுப் பெரியவர்களோ, "கையில இருக்கற வேலைய விட்டுடாதப்பா" என்கிறார்கள். இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு. ஆனால் 'பேப்பர் போட்ட' பிறகு சட்டப்படி நமக்கு என்ன வந்து சேர வேண்டும், எதெல்லாம் நின்றுபோகும் என்பதை இருவருமே பேசுவதில்லை.

நிலையான வேலை என்று நாம் நம்புவதும் என்றைக்கும் நிலைப்பதில்லை. 1898இல் தொடங்கி, தலைமுறை தலைமுறையாக இந்த ஊருக்குச் சோறு போட்ட ஏ.எஃப்.டி. ஆலை 2020 ஏப்ரல் 30 அன்று மூடப்பட்டது. எட்டு மணி நேர வேலை என்ற உரிமையும் இங்கே சும்மா வந்துவிடவில்லை. 1936 ஜூலை 30 அன்று ஆலைத் தொழிலாளர்கள் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த போராட்டத்தின் பலன் அது. அப்படிப் பெற்ற உரிமைகளைக் கேட்டு வாங்காமல் விடுவது சரியல்ல.

முதலில் நியமனக் கடிதம்

பழைய நியமனக் கடிதத்தை எடுத்து மூன்று விஷயங்களைப் பாருங்கள்: நோட்டீஸ் பீரியட், பாண்ட், போட்டித் தொழில் தடை.

'வேலையை விட்ட பிறகு இதே துறையில் தொழில் செய்யக் கூடாது' என்ற நிபந்தனையைக் கண்டு பயப்பட வேண்டாம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 27இன்படி அது பொதுவாகச் செல்லாது. ஆனால் வேலையில் இருக்கும்வரை இத்தகைய தடை செல்லும். நிறுவனத்தின் ரகசியங்களையும் வாடிக்கையாளர் பட்டியலையும் எடுத்துச் செல்வதும் வழக்கில் கொண்டுபோய் விடும்.

பாண்டை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்று ஆண்டு முடியுமுன் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. அதற்காக, எழுதிய தொகை எவ்வளவானாலும் கட்டித்தான் ஆக வேண்டும் என்றில்லை. நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்கிறது அதே சட்டத்தின் பிரிவு 74.

கைக்கு வர வேண்டிய பணம்

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவருக்கும் நிலுவைச் சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். '45 நாள் ஆகும்' என்று மனிதவளப் பிரிவு சொன்னால் இந்த விதியைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

ஐந்து ஆண்டு பணி முடித்தவருக்குக் கிராஜுவிட்டி உண்டு. உதாரணமாக, கணக்கில் கொள்ளும் மாதச் சம்பளம் 40,000 ரூபாய், பணிக்காலம் 6 ஆண்டு 7 மாதம் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்துக்கு மேல் இருப்பதால் அது 7 ஆண்டு ஆகிறது. 40,000ஐ 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, 7ஆல் பெருக்கினால் சுமார் 1,61,538 ரூபாய். இதை 30 நாளுக்குள் தர வேண்டும், தாமதித்தால் வட்டியும் சேரும். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. புதுச்சேரியும் அதன் எல்லைக்குள்தான் வருகிறது. எனவே நாலரை ஆண்டு ஆனவர்கள் ராஜினாமாவைச் சில மாதம் தள்ளிப்போட்டால் நல்லது.

பி.எஃப். பணத்தைத் தொழில் முதலீடாக்கும் ஆசை எளிதில் வரும். ஐந்து ஆண்டு தொடர் பணி முடியுமுன் எடுத்தால் வரி கட்ட நேரும். எடுக்காமல் விட்டால் கணக்கில் வட்டி தொடர்ந்து ஏறும், ஆனால் வேலையை விட்ட பிறகு வரும் வட்டிக்கு வரி உண்டு. பத்து ஆண்டு நிறையாதவர்கள் ஓய்வூதியப் பணத்தை எடுத்துவிடாமல் திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்தால், பின்னால் வேறு வேலைக்குப் போகும்போது பழைய பணிக்காலமும் சேரும். பி.எஃப். கணக்கில் விலகிய தேதி பதிவாகிவிட்டதா என்றும் பாருங்கள்.

காப்பீட்டில் இடைவெளி விடாதீர்கள்

வேலை போகும் நாளோடு நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீடும் போய்விடும். பி.எஃப். கணக்கோடு இணைந்த, 7 லட்சம் ரூபாய் வரையிலான ஆயுள் காப்பீடும் அப்படித்தான். அப்பாவுக்குச் சர்க்கரை, அம்மாவுக்கு ரத்த அழுத்தம் உள்ள வீட்டில் இது பெரிய ஆபத்து. குழுக் காப்பீட்டிலிருந்து அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற நமக்கு வழி உண்டு. ஏற்கெனவே கழிந்த காத்திருப்புக் காலமும் கணக்கில் வரும். புதிதாக எடுத்தால், முன்பே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்க நேரலாம். ஆகவே கடைசி வேலை நாளுக்கு முன்பே எழுத்தில் விண்ணப்பியுங்கள்.

தொழில் தொடங்கிய பிறகு

பொருள் விற்பவருக்கு ஜி.எஸ்.டி. பதிவு வரம்பு தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய், புதுச்சேரியில் 20 லட்சம்தான். கடலூர் நண்பர் சொன்னதை நம்பி இங்கே கடை நடத்தினால் அபராதம் வரும். குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு இலவசம், அதற்குத் தரகர் தேவையில்லை. பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தராதவர், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். முத்ரா போன்ற பிணையில்லாக் கடன்கள் இருக்கும்போது, வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்க அவசரப்படாதீர்கள். தட்டாஞ்சாவடியில் உள்ள தொழில் துறை அலுவலகத்தில் மானியத் திட்டங்களை நேரில் கேட்கலாம்.

தகராறு வந்தால்

சம்பளம், கிராஜுவிட்டி புகாருக்கு, வேலை பார்த்த ஊரின் தொழிலாளர் துறையை அணுகுங்கள். சம்பளக் கோரிக்கைக்கு மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. காப்பீட்டுப் புகாரில் நிறுவனத்தின் பதில் திருப்தி தராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், புதுவையும் காரைக்காலும் அவர் எல்லைக்குள் வருகின்றன. இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழைக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் இதில் வருமான வரம்பு கிடையாது.

புதுத் தொழில் ஓடலாம், ஓடாமலும் போகலாம். அது நம் கையில் முழுதாக இல்லை. ஆனால் ரிலீவிங் லெட்டர், படிவம் 16, சம்பளச் சீட்டுகள், கிராஜுவிட்டிக் காசோலை, புதிய மருத்துவ பாலிசி ஆகிய ஐந்தையும் வாங்கிக்கொண்டு வெளியே வருவது நம் கையில்தான் இருக்கிறது. இவை கையில் இருந்தால், தொழில் தடுக்கினாலும் குடும்பம் தடுக்கி விழாது. திரும்ப வேலைக்குப் போகும் வழியும் அடைபடாது.