மீனின் வாய்க்குள் போய் வரும் இறால்!

பெரிய களவாய் மீன் ஒன்று வாயைத் திறந்துகொண்டு அசையாமல் நிற்கிறது. ஒரு சின்னஞ்சிறு இறால் அந்த வாய்க்குள் தைரியமாக நுழைகிறது. பல் இடுக்கு, செவுள் இடுக்கு எல்லாம் தடவிப் பார்க்கிறது. பிறகு சாவதானமாக வெளியே வருகிறது. மீன் அதை விழுங்கவில்லை!

இது கட்டுக் கதை அல்ல. கரீபியன் கடலின் பவளப் பாறைகளில் அன்றாடம் நடப்பது.

கண்ணாடி உடம்பு

இதன் பெயர் பெடர்சன் இறால். நீளம் ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகம். உடம்பு கண்ணாடி போல இருக்கும். அதன் மேல் வெள்ளைக் கோடுகள், ஊதாப் புள்ளிகள். மீசையோ உடம்பைவிட நீளம்!

இது குடியிருப்பது கடற்சாமந்தியில். பூப்போல இருந்தாலும் கடற்சாமந்தி பூ அல்ல; கொட்டும் பிராணி. அதன் விரல்களில் பட்ட சிறு மீன் தப்புவது கஷ்டம். பழகிய இந்த இறாலை மட்டும் அது ஒன்றும் செய்வதில்லை. நல்ல காவல்கார வீடுதான்!

மீனுக்கு என்ன லாபம்?

மீனின் உடம்பில் ரத்தம் குடிக்கும் ஒட்டுண்ணிகள் பற்றிக்கொள்ளும். சொறிந்துகொள்ள மீனுக்குக் கை ஏது? இறால் அவற்றைப் பிடுங்கித் தின்கிறது. புண்ணில் உள்ள செத்த தோலையும் அகற்றுகிறது. தோலுக்கு அடியில் பூச்சி இருந்தால், சிறிதாகக் கீறி எடுக்கிறது. மீன் பொறுத்துக்கொள்கிறது. இறாலுக்கு வயிறு நிறைகிறது. மீனுக்கு அரிப்பு தீருகிறது.

லிம்பாவின் சோதனை

அமெரிக்காவில் ஸ்கிரிப்ஸ் கடலாராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர் கான்ராட் லிம்பா. கடலில் மூழ்குவதில் சூரர். பஹாமாஸ் தீவுகளின் அருகே தனியாக இருந்த 2 பாறைகளில் இருந்து, சுத்தம் செய்யும் உயிர்களை எல்லாம் அவர் அகற்றினார். சில நாளில் மீன்கள் குறைந்தன. 2 வாரத்தில் பெரும்பாலானவை போய்விட்டன. இருந்தவற்றின் உடம்பில் புண், துடுப்புகள் கிழிந்திருந்தன.

இதை எழுதியவர் அச்சில் பார்க்கவில்லை. 1960-ல் பிரான்சில் கடலடிக் குகை ஒன்றில் மூழ்கியபோது இறந்துபோனார். கட்டுரை 1961-ல்தான் வெளிவந்தது.

பிற்பாடு ஹவாய்த் தீவில் வேறு சிலர், சுத்தம் செய்யும் மீன்களை அகற்றிப் பார்த்தார்கள். அங்கே மற்ற மீன்கள் ஓடவில்லை! எல்லாக் கடலும் ஒன்றுபோல் இல்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

கறுத்தால் "வா" என்று அர்த்தம்

பசியுள்ள மீனிடம் இறால் எப்படித் துணிந்து போகிறது? 2018-ல் டியூக் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதற்கு விடை சொன்னார்கள்.

மீன் வந்ததும் இறால் மீசையைச் சாட்டைபோல வீசுகிறது. "கடை திறந்திருக்கிறது" என்று கூவுவதுபோல! மீன் அருகில் வந்து நின்று, தன் உடம்பைக் கறுக்க வைக்கிறது. அதுவே சம்மதம். இறாலுக்குப் பார்வை மந்தம், நிறம் தெரியாது. ஆனால் வெளுப்பும் கறுப்பும் தெரியும். திரையில் வெறும் உருவங்களைக் காட்டிப் பார்த்தார்கள். கறுத்த உருவத்தைக் கண்டதும் இறால் சுத்தம் செய்யக் கிளம்பிவிட்டது!

மனிதரையும் அது விடுவதில்லை. கடலில் மூழ்குகிறவர் கடற்சாமந்தியின் அருகே கையை நீட்டி, ஆடாமல் வைத்திருந்தால் போதும். இறால் கைமேல் ஏறும். நகத்தின் ஓரத்தில் உள்ள தோலை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்கும்.