உளநோய் மருந்தும் சிறுவர் சிறுநீரகமும்

உளநோய்க்குக் கொடுக்கும் மருந்து உள்ளத்தோடு நின்றுவிடுவதில்லை. குருதியிற் கலந்து உடலெங்கும் சென்று, முடிவில் ஏதேனும் ஒரு வழியால் அது வெளியேறியாக வேண்டும். இத்தகைய மருந்துகள் பலவற்றை ஈரலே சிதைத்துவிடுகின்றது. லித்தியம் அவ்வாறன்று, ஏறக்குறைய முழுவதும் உருமாறாமற் சிறுநீரகத்தின் வழியே கழிகின்றது.

மிகுகளிப்பும் கடுஞ்சோர்வும் மாறிமாறி வரும் நோய்க்கு இது பயன்படுமென்பதை 1949ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் எடுத்துக்காட்டினார். இன்று சிறுவர் சிலருக்கும் இது கொடுக்கப்படுகின்றது.

சிறுநீரகம் லித்தியத்தைச் சோடியத்தைப் போலவே நடத்துகின்றது. உடலில் நீரும் உப்பும் குறைந்தால், சோடியத்தைச் சேமிக்க முனையும் சிறுநீரகம் லித்தியத்தையும் மீள உறிஞ்சிக்கொள்கின்றது. மருந்தைக் கூட்டாமலே குருதியில் அதன் செறிவு நஞ்சாகும் அளவுக்கு உயரலாம். திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த ஊர்களில் இது சிறப்பாகக் கருதத்தக்கது. கச்சான் காற்று வறண்டு வீசும் மாதங்களில், வெயிலில் விளையாடி வியர்வை சிந்தும் பிள்ளைக்கு வயிற்றோட்டமும் சேர்ந்துவிட்டால் ஆபத்து நெருங்கும்.

வேறொரு விளைவும் உண்டு. சிறுநீரைச் செறிவாக்கும் ஆற்றலை லித்தியம் குறைக்கின்றது. பிள்ளை அடிக்கடி தண்ணீர் கேட்கும். இரவிற் பாயை நனைக்கும். இது குறும்புமன்று, சோம்பலுமன்று. தண்டிப்பது தவறு, படுக்குமுன் தண்ணீரைத் தடுப்பதோ அதனினும் தீது. கழியும் நீருக்கு ஈடு இல்லையேல் உடல் வறண்டு, மருந்து மேலும் தேங்கும்.

காய்ச்சலுக்கும் வலிக்கும் இபுப்ரோபன், டைக்குளோபினாக் முதலியவற்றை வைத்தியரைக் கேளாது கொடுத்தலாகாது; அவையும் லித்தியம் கழிவதைத் தடுப்பன. கை கடுமையாக நடுங்குதல், ஓயாத வாந்தி, நடை தள்ளாடல், பேச்சுக் குழறல் ஆகியவை தோன்றினால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசென்று, உண்ணும் மருந்தின் பெயரைக் கூறவேண்டும்.

இம்மாவட்டத்தின் பதவிசிறீபுரப் பகுதி, காரணம் தெளிவுறாத நாட்பட்ட சிறுநீரக நோயால் வருந்திய பகுதி. ஆதலால் இங்குச் சிறுநீரகம் என்றாலே பெற்றார் அஞ்சுவது இயல்பு. ஆயினும் அவ்வச்சத்தால் மருந்தைத் திடீரென நிறுத்தினால், அடங்கியிருந்த உளநோய் மீண்டும் மூளக்கூடும். கடைசி வேளை மருந்து உண்டு 12 மணி நேரம் கழித்து எடுக்கும் குருதியில் லித்தியத்தின் அளவு தெரியும். சிறுநீரகத்தின் நிலையையும் குருதிச் சோதனையால் அறியலாம். இச்சோதனைகளைக் காலந்தவறாது செய்வித்தால், பிள்ளையின் உள்ளத்தையும் காக்கலாம், சிறுநீரகத்தையும் காக்கலாம்.